லைப்ரரி டீச்சர் பதில்கள்

நான் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் காரைக்குடிக்குப் பக்கத்தில் 27 வருடம் கிளை நூலகராக இருந்த ஊரில் எனக்கு ‘லைப்ரரி டீச்சர்’ என்றுதான் பேர். புத்தகமும் கையுமாக இருக்கிற பொம்பளை டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்று ஓர் ஆச்சி முடிவு செய்துவிட்டார். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. இந்த மாதம் நூலகத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி புகார். சரி, ஆரம்பிப்போம்.

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு. லீவு விட்டதிலிருந்து செல்போனும் கையுமாக இருக்கிறான். எங்கள் நூலகத்தில் கோடை முகாம் என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு பணம் கேட்பார்கள்? நம்பி விடலாமா?
– ஒரு தாய், பள்ளத்தூர்

பதில்: பணம் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியோடு நூலக வரி என்று ஒன்று சேர்ந்திருக்கும். வரியில் ரூபாய்க்கு 10 பைசா. 1948-இல் இங்கே கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தில் செய்த ஏற்பாடு இது. கதை நேரமோ ஓவியப் போட்டியோ சதுரங்கமோ, எதற்கும் நீங்கள் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போக உறுப்பினராக வேண்டும். அதற்குச் சொற்பக் காப்புத் தொகையும் சந்தாவும் உண்டு. உங்கள் ஊரில் முறுக்கு வாங்கும் காசுதான்.

நம்பி விடலாமா என்றால், முதல் இரண்டு நாள் நீங்களும் கூட உட்காருங்கள். பையனுக்காக அல்ல, நூலகருக்காக. பெரும்பாலும் அவர் ஒற்றை ஆள். புத்தகம் கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும், பேப்பர் படிக்க வருகிற பெரியவர்கள் ஃபேனுக்குச் சண்டை போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் 20 பிள்ளைகள். 12 மணிக்கு முடியும் என்றால் 12 மணிக்கு வாசலில் நில்லுங்கள். கடைக்குப் போய்விட்டு இரண்டு மணிக்கு வந்து “என்ன டீச்சர், சாப்பிட்டானா?” என்று என்னைக் கேட்ட அம்மாக்கள் உண்டு.

நான் நடத்திய முதல் முகாமுக்கு நான்கு பிள்ளைகள் வந்தார்கள். அதில் ஒன்று என் பக்கத்து வீட்டுப் பெண், இழுத்துக்கொண்டு வந்தது. நீதிக்கதை ஒன்றை மனப்பாடம் செய்து போயிருந்தேன். இரண்டாவது நிமிடம் நான்கு தலையும் மேலே திரும்பின. சுவரில் ஒரு பல்லி, வாலில்லாமல். நான் கதையை நிறுத்திவிட்டு “அதன் வால் எங்கே?” என்றேன். பூனை தின்றுவிட்டது, கதவில் மாட்டிக்கொண்டது, அதுவே கழற்றிப் போட்டுவிட்டது என்று மூன்று பதில். சரி, எது உண்மை என்று பார்ப்போம் என்று உயிரினங்கள் பற்றிய புத்தகத்தை எடுத்துப் போட்டேன். பல்லி தப்பிப்பதற்காக வாலை உதறும், அது திரும்ப வளரும் என்று அவர்களே எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். “மறுபடி வளர்ந்துவிட்டதா” என்று பார்க்க மறுநாள் 11 பேர் வந்தார்கள். பல்லி வரவில்லை. பிள்ளைகள் வருவது நிற்கவில்லை.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் ராயவரத்துக்காரர் அழ. வள்ளியப்பாவின் குழந்தைப் பாடல்கள் எந்த நூலகத்திலும் இருக்கும். 1922-இல் பிறந்தவர், வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாட்டாக எழுதித் தள்ளியவர். அந்தப் பாட்டுகளை மனதுக்குள் படிக்கச் சொல்லாதீர்கள். முற்றத்தில் நின்று கத்தச் சொல்லுங்கள். அவை அதற்காகத்தான் எழுதியவை.

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் மாதாமாதம் கூட்டம் போடுகிறோம். மதுரையிலிருந்து பேச்சாளரை அழைத்து வருகிறோம். வண்டி, சாப்பாடு எல்லாம் எங்கள் கைக்காசு. எட்டுப் பேருக்கு மேல் வருவதில்லை. ஊரில் வாசிக்கிற பழக்கமே செத்துவிட்டதா? (அழைப்பிதழ் இணைத்துள்ளேன்.)
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், காரைக்குடி

பதில்: ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. அழைப்பிதழை எண்ணிப் பார்த்தேன். தலைமை ஒருவர், முன்னிலை மூவர், வரவேற்புரை, வாழ்த்துரை நால்வர், சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை. ஆக மொத்தம் 12 பேர் மேடையில், எட்டுப் பேர் கீழே. மேடையில் இருப்பவர்களை இறக்கி உட்கார வைத்தாலே கூட்டம் 20 ஆகிவிடும்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவள்தான். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அதில் ஒரு வருடம் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டு 14 சால்வை வாங்கினேன். ஒவ்வொரு சால்வைக்கும் ஒரு போட்டோ, ஒவ்வொரு போட்டோவுக்கும் “கொஞ்சம் இப்படித் திரும்புங்கள்”. ஐம்பது நிமிடம் ஆனது. கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்க வந்த பையன் அம்மா மடியிலேயே தூங்கிப்போனான். பேச்சு முடியும் முன்பே அவள் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவனுக்கான அகராதியை மறுநாள் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கப்புறம் நூலகப் பணத்திலோ என் பணத்திலோ ஒரு சால்வை வாங்கியதில்லை.

பிறகு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, மாலை 5 மணி. தேதி மாறாது. மேடை இல்லை, மைக் இல்லை, நாற்காலிகள் அரை வட்டமாக. ஒரு புத்தகத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவோம். படித்தவர் ஐந்து நிமிடம் பேசலாம். பிடிக்கவில்லை என்றும் பேசலாம். பிடிக்கவில்லை என்று ஒருவர் சொல்கிற மாதம்தான் கூட்டம் களைகட்டும். 6 மணிக்கு முடித்துவிடுவோம். மூன்று பேர் இருந்தாலும் 5 மணிக்குத் தொடங்கிவிடுவோம். 1939-இல் உங்கள் ஊரில் கம்பன் கழகம் தொடங்கிய சா. கணேசன் நேரம் தவறாமைக்குப் பேர் போனவர். அவர் ஊரில் இருந்துகொண்டு ஐந்து மணிக் கூட்டத்தை ஆறேகாலுக்குத் தொடங்கலாமா?

நாளையும் பார்த்துப் போடுங்கள். அழைப்பிதழில் இருக்கும் தேதி நல்ல முகூர்த்த நாள். அறுபது, எண்பது வயதுச் சாந்திகளும் கல்யாணங்களும் நடக்கிற ஊரில் உங்களுக்கு யார் மிஞ்சுவார்? பிள்ளையார் நோன்பு, செவ்வாய்ப் பொங்கல் எல்லாம் நாட்காட்டியில் முதலில் வட்டம் போட்டுவிட வேண்டும். நான் ஒரு தடவை தெரியாத்தனமாகச் சிராவயல் மஞ்சுவிரட்டு அன்றைக்குப் போய்க் கவிதைக் கூட்டம் வைத்தேன். நானும் கவிஞரும் இருந்தோம். கவிஞருக்கும் மஞ்சுவிரட்டுக்குப் போக ஆசைதான், வாய்விட்டுச் சொல்லவில்லை.

வாசிப்பு செத்துவிட்டதா என்று கேட்டீர்கள். உங்கள் ஊரில் 1917-இல் இந்து மதாபிமான சங்கம் தொடங்கினார்கள். 1919-இல் பாரதி வந்து அங்கே தங்கிப் பேசி, சங்கத்தாரோடு போட்டோவும் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் இலக்கியப் புலிகள் இல்லை. அவர்களுக்கு விவாதம் செய்ய ஊர் விஷயம் இருந்தது. எங்கள் நூலகத்தில் அதிகக் கூட்டம் சேர்ந்தது எதற்குத் தெரியுமா? ஊருணிக்கு. மழைத் தண்ணீர் வளவு முற்றத்தில் இறங்கி எந்த வழியாக வெளியே போனது, ஊருணிக்கு வரத்துக்கால் எது, இப்போது அதன் மேல் யார் கடை கட்டியிருக்கிறார்கள் என்று பேச்சு வைத்தோம். நாற்காலி போதாமல் பேப்பர் விரித்து உட்கார்ந்தார்கள். பேச்சு சண்டையாகி, சண்டை நின்று, மறுவாரம் மூன்று பேர் வந்து “நீர் மேலாண்மைக்குப் புத்தகம் இருக்கிறதா டீச்சர்” என்று கேட்டார்கள். மதுரைப் பேச்சாளரின் வண்டிக் காசு உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: நான் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவன். வீட்டில் இடமில்லை, நூலகமே கதி. மாதத்தில் நான்கு நாள் அங்கே விழா, கைதட்டல், பிள்ளைகள் பாட்டு. எங்களைப் போன்றவர்களைப் பற்றி யாராவது நினைக்கிறார்களா?
– தேவகோட்டை

பதில்: நீங்கள் சொல்வது நியாயம் தம்பி. ஞாயிற்றுக்கிழமைக் கைதட்டலுக்காகத் தினம் வருகிற ஆளை விரட்டக் கூடாது. வாசகர் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது, இந்திய நூலக இயலின் தந்தை எனப்படும் ரங்கநாதன் நூலகங்களுக்குச் சொன்ன ஐந்து விதிகளில் ஒன்று. குரூப் 4 எழுதுகிறவருக்கு ஒரு மணி நேரம் என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். என் மகளும் அப்படி எழுதித்தான் வேலைக்குப் போனாள்.

ஆனால் நிகழ்ச்சியே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். மாத நிகழ்ச்சிகளை ஒரே தாளில் எழுதி முதல் தேதியே வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். கதை, பாட்டு வெளித் தாழ்வாரத்தில் நடக்கட்டும், அல்லது பக்கத்துப் பள்ளி வகுப்பறையில். எழுத்துப் பூர்வமாகக் கேளுங்கள், நான்கைந்து பேர் கையெழுத்துப் போட்டு. நான் வேலையில் இருந்தபோது இப்படி ஒரு மனு வந்துதான் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு மாற்றினேன். அவர்களுக்கும் அதுதான் பிடித்தது.

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். ஊர் வீட்டில் ஐயா காலத்துப் பெட்டிகள் நான்கு. புத்தகங்கள், ரங்கூனிலிருந்து வந்த கடிதங்கள், கணக்குப் பேரேடுகள். முன்னோரைக் கும்பிடுகிற படைப்புக்கு வரும்போது எல்லாவற்றையும் நூலகத்துக்குக் கொடுத்து, அன்றைக்கே ஒரு விழாவும் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறோம். ஏற்பாடு செய்ய முடியுமா?
– ஊர் பெயர் வேண்டாம்

பதில்: முதலில் ஒரு கும்பிடு, எடைக்குப் போடாமல் வைத்திருந்ததற்கு. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் நம் வீட்டு நிலைக்கதவு கிடைக்கும், மங்குச் சாமான் கிடைக்கும். போன பேப்பர் கிடைக்காது.

ஆனால் பெட்டியோடு தூக்கிக் கிளை நூலகத்தில் வைத்துவிடாதீர்கள். கிளை நூலகம் கொடுத்து வாங்குகிற இடம். அங்கே உங்கள் ஐயாவின் பேரேடு ஏதோ ஒரு பீரோவின் மேல் ஏறும், மழையில் நனையும். அதற்கென்றே இருக்கிற இடங்கள் வேறு. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் குப்பை என்றதையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992-இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்தார்கள். இன்றைக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்றால் உலகத்தில் தமிழ் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். உங்கள் பெட்டிகளை அப்படிப்பட்ட ஆட்கள் ஒரு முறை பார்க்க வேண்டும். அதுவரை செய்ய வேண்டியது: ஒரு நோட்டில் பட்டியல் எழுதுங்கள். பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள், கரையான் கீழிருந்துதான் வரும். வெயிலில் காயப்போடாதீர்கள், நிழலில் காற்றாட விடுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். ராமபாணப் பூச்சி தின்றதைவிட அது தின்றது அதிகம். லாமினேஷன் செய்கிறேன் என்று யாராவது கிளம்பினால் அவரை வீட்டை விட்டு வெளியே அனுப்புங்கள்.

விழாவை விடுங்கள், ‘பேரேடு நாள்’ வையுங்கள். எங்கள் நூலகத்தில் ஒரு தடவை வைத்தோம். வீட்டுக்கு ஒரு பழைய காகிதம் கொண்டுவாருங்கள், காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துப் போகலாம் என்று அறிவித்தோம். பெஞ்சில் வெள்ளை வேட்டியை விரித்து வைத்தோம். இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம் எழுதிய தாள், மொய் ஏடு, பெண்ணுக்குச் சாமான் வைத்த பட்டியல், கடல் கடந்து கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்குப் போனவர்கள் அனுப்பிய கடிதம் எல்லாம் வந்தன. ஒரு கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்த பெரியவர், வயது 78, பட்டியலில் இல்லாதவர், பேப்பர் படிக்க வந்தவர். கூட்டத்தை எட்டிப் பார்த்தார். ஒரு பேரேட்டின் பக்கத்தில் விரலை வைத்தார். விரல் வரிசையில் இறங்க இறங்க வாய் முணுமுணுத்தது: முந்திரி, காணி, மா, வீசம்.

பள்ளிப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டார்கள். “முந்திரின்னா முந்திரிப்பருப்பா தாத்தா?” “320-இல் ஒரு பங்குடா.” ஒன்றை 320 பங்காகப் பிரித்து மனக்கணக்காகக் கூட்டினார்கள் என்று பிள்ளைகளுக்கு நம்ப முடியவில்லை. ஒருவன் செல்போனில் கால்குலேட்டரைத் திறந்தான். பெரியவர் சாக்பீஸ் கேட்டார். கரும்பலகையில் ௧, ௨, ௩ என்று எழுதி, அவரவர் வயதை எழுதச் சொன்னார். பதின்மூன்று வயதுப் பெண் ௧௩ என்று எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மனிதர் 11 வருடமாக எங்கள் நூலகத்துக்கு வந்து, பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போனவர். அவர் யார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

படைப்புக்கு வரும்போது பெட்டியில் நான்கே நான்கு பொருளை எடுத்து இப்படிக் காட்டுங்கள். உங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: புரவலர் என்றால் யார்? அதில் சேர்ந்தால் நிகழ்ச்சிகளை நாம் நடத்தலாமா?
– திருப்பத்தூர்

பதில்: 1000 ரூபாய் நன்கொடை கொடுத்தால் நூலகப் புரவலர். பலகையில் பேர் எழுதுவார்கள். ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிகழ்ச்சியை முன்னின்று நடத்துவது வாசகர் வட்டம். அதில் உழைக்கப் பணம் வேண்டாம், நேரம் இருந்தால் போதும்.

கேள்வி: நூலகக் கட்டடத்தில் பஜனை வைக்கலாமா? கட்சிக் கூட்டம்? எங்கள் ஊரில் கேட்டால் மாட்டேன் என்கிறார்கள்.
– குன்றக்குடி அருகே

பதில்: சரியாகத்தான் சொல்கிறார்கள். எல்லா வீட்டு வரியிலும் ஓடுகிற இடம். ஒரு சாமிக்கும் ஒரு கொடிக்கும் கொடுத்தால் அடுத்தவர் வாசலோடு நின்றுவிடுவார். எந்த நிகழ்ச்சிக்கும் மாவட்ட நூலக அலுவலரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

இதில் நான் ஏமாந்த கதையும் உண்டு. இலவசச் சர்க்கரைப் பரிசோதனை முகாம் என்று ஒரு குழுவினர் வந்தார்கள். நல்ல காரியம் என்று இடம் கொடுத்தேன். ரத்தம் எடுத்தார்கள், எல்லோருக்கும் ‘கொஞ்சம் அதிகம்’ என்றார்கள், பின்னாலேயே ஒரு பொடி டப்பாவை நீட்டினார்கள். இரண்டு பேர் பென்ஷன் பணத்தில் வாங்கிவிட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் ஒரு வாரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து, மருத்துவ முகாம் என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தாரோடு மட்டும்.

கேள்வி: எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். இதைக்கூட மகள்தான் எழுதுகிறாள். நூலகத்தில் பெண்களுக்கு நிகழ்ச்சி என்கிறார்கள். அரிசி ஆலையில் வேலை பார்க்கிற எனக்கு அங்கே என்ன இருக்கிறது? போனால் சிரிப்பார்களோ?
– புதுவயல்

பதில்: இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மகளிடம் சொல்லி இதை நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் நூலகத்தில் புதன்கிழமை மூன்று மணிக்குப் பெண்கள் கூடுவார்கள். ஏன் மூன்று மணி என்றால், பாத்திரம் கழுவி முடித்திருக்கும், பள்ளிக்கூடம் விட்டிருக்காது. ஒருவர் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டவர்கள் உண்டு. பூக்கட்டிக்கொண்டு கேட்டவர்கள் உண்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது தரையைக் கூட்டிவிட்டுப் போனால் சரி. யாருக்கு எவ்வளவு வாசிக்க வரும் என்று யாரும் கேட்டதில்லை. ஆறு மாதம் கழித்து, தானே வாசிக்கிறேன் என்று ஒருவர் கை நீட்டினார். அவர் இட்லிக் கடை வைத்திருந்தவர். ஒரு பக்கம் வாசிக்க 20 நிமிடம் ஆனது. யாரும் எழுந்து போகவில்லை. கதையில் அந்த இடம் அப்படி, மாமியாரும் மருமகளும் நேருக்கு நேர் நின்ற இடம்.

ஒரு புதன்கிழமை வாசிக்க வேண்டியவர் வரவில்லை. சும்மா இருக்கிறோமே என்று தாலாட்டுப் பேச்சு வந்தது. ஓர் ஆச்சி தொடங்கினார். அவர் பாட்டில் அம்மான் கப்பலேறிப் போய்ச் சாமான் சாமானாக அனுப்பிக்கொண்டே இருந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த வயல்வேலைக்காரப் பெண் “எங்க பாட்டுல மாமன் எங்கேயும் போக மாட்டான், கொல்லையிலதான் நிப்பான்” என்று தன் பாட்டை எடுத்தார். ஒரே மெட்டு. ஒன்றில் கடல், ஒன்றில் கொல்லை. நான் 40 பக்க நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினேன். ஒரு சொல்லுக்கு இருவரும் சண்டை போட்டார்கள். இரண்டையும் எழுதிக்கொள்கிறேன் என்றதும்தான் அடங்கினார்கள். அந்த நோட்டு நான்கு வாரத்தில் நிறைந்தது. அதில் பாதிப் பாட்டு எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சொன்னது. எந்தப் பதிப்பகத்திலும் கிடையாது, அலமாரியில் கிடையாது.

உங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். உங்களுக்கு ஒரு தாலாட்டாவது தெரியும். நெல் அவிக்கிற பதம் தெரியும், அதுவே ஒரு மணி நேரம் பேசலாம். ஆலையில் முறை மாறும் நாள் எது என்று எழுதுங்கள். அந்த நாளுக்கு ஏற்ற மாதிரி நேரம் வைக்கச் சொல்லி நூலகரைக் கேளுங்கள். முதல் நாள் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். யாராவது சிரித்தால் எனக்கு எழுதுங்கள், நானே பஸ் ஏறி வருகிறேன்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. ஊர்ப்புற நூலகம். நான் ஒருத்தி மட்டும். நாள் முழுக்க நாலைந்து பேர்தான் வருகிறார்கள். நிகழ்ச்சி நடத்து என்கிறார்கள், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.
– கல்லல் பக்கம்

பதில்: அம்மாடி, உனக்கு முன்னால் ஒருவர் இதையே நினைத்தார். சீர்காழியில் பிறந்த ரங்கநாதன். கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகர் வேலைக்குப் போனார். பேச ஆளில்லாமல் தனியாக உட்கார்ந்திருக்க முடியவில்லை, மறுபடி வகுப்பறைக்கே போகிறேன் என்று நின்றார். போகாமல் தங்கியதால்தான் இன்றைக்கு ஆகஸ்ட் 12-ஐ அவருக்காக நூலகர் தினம் என்று கொண்டாடுகிறோம். வாசகர் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் 1931-இலேயே மன்னார்குடிப் பக்கம் ஒரு பதில் கிடைத்துவிட்டது. புத்தகங்களை மாட்டு வண்டியில் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போனார்கள்.

உனக்கு வண்டி வேண்டாம், ஒரு கட்டைப்பை போதும். மாலை நான்கரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நில். பத்துப் புத்தகம், படம் நிறைய இருப்பதாகப் பார்த்து எடுத்துக்கொள். ஒரு கதையின் பாதியைச் சொல்லிவிட்டு “மீதி நூலகத்தில்” என்று வந்துவிடு. ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடு, வாரா வாரம் அதே நாள். வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறை, அதனால் சனிக்கிழமை வை. அறிக்கையில் எழுதுவதற்காக எண்ணிக்கையை ஏற்றாதே. ஏழு பேர் என்றால் ஏழு. நான் ஒரு முறை 35 என்று எழுதிவிட்டு, ஆய்வுக்கு வந்தவர் கையெழுத்துகளை எண்ணியபோது நின்ற நிலை இருக்கிறதே, அது எதிரிக்கும் வேண்டாம்.

குடை, தண்ணீர் பாட்டில், முதலுதவிப் பெட்டி மூன்றும் மேசைக்குக் கீழே இருக்கட்டும். கழிப்பறைச் சாவியும். இதை யாரும் பயிற்சியில் சொல்லித்தர மாட்டார்கள். பெண் பிள்ளைகள் தொடர்ந்து வருவதும் வராததும் அந்தச் சாவியில் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து மறுபடி எழுது.

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகு நீங்கள் நூலகத்துக்குப் போவது உண்டா?
– செட்டிநாட்டு வாசகர்

பதில்: இரண்டாவது ஞாயிறு தவறுவதில்லை. இப்போதைய நூலகர் இளைஞர். முதல் நாள் பதறி எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். நான் பின் வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். அங்கேதான் காற்று வரும் என்று எனக்குத் தெரியும், அவருக்கு இன்னும் தெரியாது. போன மாதம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க ஒன்பது நாள் தாமதம். அபராதம் வேண்டாம் டீச்சர் என்றார். வாங்கிக்கொள் தம்பி என்றேன். சில்லறை இல்லை என்றார். ரசீதைப் போடச் சொல்லிவிட்டு எதிரே இருந்த பெட்டிக்கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.